சத்தம் நின்ற வண்டி

அம்மா உரலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது.

பக்கத்து வீட்டில் பிறந்து பத்து நாளான பிள்ளை. தூங்குகிறது, சத்தமில்லாமல் இடியுங்கள் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டார்கள். அம்மா இரும்பு உரலைத் தூக்கிச் சாக்கின்மேல் வைத்து மறுபடி மிளகாய் இடிக்க ஆரம்பித்தாள். கணீர் கணீர் என்றிருந்தது பொத் பொத் என்று ஆகிவிட்டது. ஆனால் உலக்கை அதே உயரத்திலிருந்துதான் விழுந்தது. அடி அதே அடி. சத்தம் மட்டும் சாக்குக்குள் போய்விட்டது.

என் கையில் காலைத் தபாலில் வந்த கடிதம் இருந்தது. சென்னையில் மோட்டார் விற்கும் கம்பெனி, மலைக்கு அந்தப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் துரைக்கு எழுதியது. அந்தத் துரையிடம்தான் அப்பா இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வண்டியை வாங்கினார். துரை சீமைக்குப் போய்விட்டதால் எஸ்டேட் கிளார்க் எங்கள் விலாசத்தை எழுதித் திருப்பிவிட்டிருந்தார். மூன்று ஊர் முத்திரை வாங்கிக்கொண்டு இராஜபாளையம் வந்து சேர்ந்திருந்தது. வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, டீச்சர் டிரெயினிங்குக்கு ஆனி மாதம் வரை காத்திருக்க முடியாமல் காத்திருந்தேன். அதனால் வண்டிக்கு வரும் காகிதமெல்லாம் என் பங்கு. வண்டியோடு வந்த புஸ்தகத்தையும் அட்டை கிழிய வாசித்திருந்தேன்.

கடிதத்தில் இருந்தது இதுதான். இன்ன நம்பரிலிருந்து இன்ன நம்பர் வரைக்கும் உள்ள வண்டிகளில் ஸ்டீரிங் ராடின் முனையில் இருக்கும் இரும்புக் குண்டு, தொழிற்சாலையிலேயே சரியாகப் பதம் ஏறாமல் வந்துவிட்டது. அது தேயும். தேய்ந்தால் தன் கிண்ணத்தை விட்டுக் கழன்று விழும். விழுவதற்கு முன்னால் டக் டக் என்று சத்தம் கொடுக்கும். சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். நகர்த்தியே ஆகவேண்டுமென்றால் மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக்கூடாது. புதுக் குண்டை இனாமாக அனுப்புகிறோம்.

முதல் தடவை வாசித்தபோது, நம் வண்டியில்தான் சத்தமே இல்லையே என்று மடித்து வைத்துவிட்டேன். சாக்கைப் பார்த்த பிறகு மறுபடி பிரித்தேன்.

எங்கள் வண்டியிலும் அந்த டக் டக் இருந்தது. ஐப்பசியில் அப்பா அதற்கு ஒரு வைத்தியம் பண்ணினார். மாட்டுவண்டி அச்சுக்குப் போடுவார்களே, வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மசகு, அதை அந்த மூட்டுக்குள் விரலால் அப்பி நிரப்பி, மேலே சாக்குத்துணியைச் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டினார். அன்றோடு சத்தம் நின்றது. அப்பாவுக்கு ஒரே பெருமை. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து லாரி ஓட்டியவர். மெசபடோமியாப் பாலைவனத்தில் கிரீஸ் கிடைக்காமல் ஒட்டகக் கொழுப்பைப் போட்டு ஓட்டிய கதையை இன்னொரு தடவை எல்லோரும் கேட்டோம்.

அப்பா முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்கும் ரயிலுக்கும் வாடகைக்கு ஓட்டித்தான் எங்கள் வீட்டுக் காரியம் நடந்தது.

"அப்பா, நம்ம வண்டி டக்கு டக்குன்னு சத்தம் போடுமே, அது நின்னு எம்புட்டு நாளாச்சு?"

"ஐப்பசியில நின்னுச்சு. ஏன், மறுபடி கேக்கணுமாட்டி ஒனக்கு?"

"கேக்கலியேன்னுதான் பயமா இருக்கு" என்று கடிதத்தைத் தமிழில் சொன்னேன்.

அப்பா சிரித்தார். தொழிற்சாலை தப்புப் பண்ணியதை அதுவே ஊருக்கெல்லாம் எழுதிச் சொல்லுமா, உலகத்தில் எந்தக் கடைக்காரன் தன் கத்திரிக்காயைச் சொத்தை என்பான், இது ஏதோ புது வண்டி விற்கிற தந்திரம் என்றார்.  மண்ணெண்ணெய் பாட்டிலையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ச் சணலை அறுத்தேன். மசகு கட்டிதட்டி வெந்நீர்ச்சட்டிக் கரி மாதிரி இருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றிக் கழுவியபின் குண்டு தெரிந்தது. கையால் பிடித்து ஆட்டினேன். ஆறு வயசுப் பிள்ளையின் முன்பல் மாதிரி ஆடியது.

"நீங்களே பாருங்க" என்றேன்.

அப்பா படுத்துப் பார்த்தார். ஆட்டினார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாமா வண்டி" என்றார்.

மாமா என்று நான் கூப்பிடுகிறவர் எங்கள் சொந்தமில்லை. தெலுங்கு பேசுகிற வீடு, பருத்திக்காடும் பம்புசெட்டுமாக இருக்கிற பெரிய சம்சாரி, அப்பாவுக்கு உயிர்ச் சினேகிதர். அதே எஸ்டேட்டில், அதே நாளில், எங்கள் வண்டியோடு இரட்டைப்பிள்ளை மாதிரி இறங்கிய வண்டி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அதுவும் டக் டக் என்றது. அப்பாதான் போய்த் தன் கையாலேயே மசகு அப்பிச் சாக்குக் கட்டிவிட்டு வந்தார். "இனிமே சீமைக்கே போகலாம், ஒண்ணும் ஆகாது" என்று வேறு சொல்லிவிட்டு வந்தார்.

அன்று தை மாத வியாழக்கிழமை, நல்ல முகூர்த்தம். மாமா தமக்கு வேண்டிய ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தார். சாப்பாடு முடிந்ததும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அவருடைய மோட்டாரில் ஏற்றி, வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அந்தப் பாதை பாதித் தூரம் கண்மாய்க்கரை மேலேயே போகும். தை மாதத்தில் ஒரு பக்கம் கரை தளும்பத் தண்ணீர், மறுபக்கம் இரண்டாள் பள்ளத்தில் வயல். நடுவில் ஒரு வண்டித் தடம். ஸ்டீரிங் பேச்சுக் கேட்காத வண்டிக்கு அங்கே இடமில்லை.

வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரைக்கு. அதற்கு முன்னால் கிளப்பிவிடுவார்கள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் நாங்கள், ராகுகாலம் பார்க்கிறதில்லை. அன்றைக்கு நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மணி பத்தாகப் போகிறது.

"தந்தி அடிப்போம்" என்றேன்.

"கல்யாண வீட்டுக்குத் தந்தியா? பிரிச்சுப் படிக்குமுன்ன ஒப்பாரி வச்சிருவாவ."

"அப்ப நான் சைக்கிள்ல போறேன். ஏழு மைல்தான்."

"நீ போயி என்ன சொல்லுவ? சரியாப் போச்சுன்னு சொன்னவன் நான். இல்லைன்னும் நானே சொல்லணும்."

அப்பாவுக்கு இடதுகாலில் பட்டாளத்துக் காயம், சைக்கிள் மிதிக்க வராது. முகூர்த்த நாளில் குதிரைவண்டி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காலை ரயில் போய்விட்டது. பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனபோது படியில் தொங்கியவர்கள்மேலும் ஆள் தொங்கினார்கள். மிச்சம் இருந்தது எங்கள் வண்டி. மனிதன் நடக்கிற வேகத்தில் போகலாம் என்று கடிதமே சொல்லியிருந்தது.

நான் முன்னால் நடந்தேன். அப்பா முதல் கியரில் பின்னால் ஓட்டினார். நான் எப்படி நடக்கிறேனோ அதுதான் வேகம். கழுவிவிட்ட மூட்டு ஒவ்வொரு கல்லுக்கும் டக் என்றது. மூன்று மாதம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அது பேசுகிறவரைக்கும் கிண்ணத்துக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பின்னால் வந்தது. செத்த நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்களைத் தாண்டியது.

"என்ன ஹவில்தாரே, மாட்டத் தொலைச்சிட்டியளா?" என்றார் ஓட்டுகிறவர். "வேணுமின்னா சொல்லுங்க, எம்மாட்டுல ஒண்ண அவுத்துத் தாரேன்."

பொதியின்மேல் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "ஏலே, சும்மா இருலே. சாமி ஊர்வலம் வருது. முன்னால தீவட்டிக்காரப் புள்ள நடக்குது பாரு" என்றார்.

வழக்கமாக அப்பா விடமாட்டார். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தார். பாதிவழியில் ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து முன்மூடியில் ஆவி சீறியது. நின்று, பக்கத்துக் கிணற்றில் வாங்கி ஊற்றி, ஆறவிட்டு, மறுபடி கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பினோம். அதில் அரைமணி நேரம் போனது. பிறகு நான் நடக்கவில்லை, ஓட்டமும் நடையுமாகப் போனேன். "ஏட்டி, நீ ஓடுனா நானும்லா ஓட்டணும், மெள்ளப் போ" என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார்.

ஊர் எல்லையில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டோம். கூட்டத்துக்குள் அதைக் கொண்டுபோக எனக்கும் மனசில்லை, அவருக்கும் இல்லை. அப்பா காலை இழுத்து இழுத்து நடக்க, நான் மண்ணெண்ணெய் பாட்டிலோடு முன்னே போனேன்.

கல்யாண வீட்டு வாசலில் மாமாவின் வண்டி நின்றது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, விளக்குகளுக்குச் சந்தனம் அப்பி, ரோஜாமாலை சூட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்துவிட்டார். பொண்ணுக்கு ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கவே சுகமாக, ஒரு டக்குக்கூட இல்லாமல்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்று அப்பா மூச்சு வாங்கியபடி மாமாவிடம் சொன்னார்.

"ஏமி ஹவில்தார்! சாப்பிட வாங்கன்னா வர்றதில்ல, இப்ப வந்து..."

"இந்த வண்டி போகக் கூடாது. குண்டு தேஞ்சிருக்கும்."

பந்தலுக்குள் முணுமுணுப்பு. புறப்படுகிற நேரத்தில் தடங்கல். யாரோ, "வேதக்காரவுகளுக்கு நேரம் காலம் தெரியுமா?" என்றார்கள். மாமாவின் முகம் சுண்டிவிட்டது. அவர் கொண்டுவந்த மோட்டார், அவருடைய கௌரவம், எதிரில் சம்பந்தி வீட்டார்.

"நீங்கதானே சரியாப் போச்சுன்னு சொன்னீங்க? சீமைக்கே போகலாம்னீங்களே?"

அப்பா அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, பரேடில் நிற்கிறவர்போல நிமிர்ந்து நின்று சொன்னார்: "சொன்னேன். நான் சொன்னது தப்பு."

எனக்குப் பத்தொன்பது வயசு. அந்த வார்த்தையை அப்பா வாயிலிருந்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

மாமாவின் டிரைவர் விடுகிற மாதிரி இல்லை. முன்பு வில்வண்டி ஓட்டியவர், மீசைக்காரர். "சத்தமே இல்லையே, முதலாளி. பூனை மாதிரிலா போவுது."

"பூனை எதுக்குண்ணே சத்தமில்லாமப் போவுது?" என்றேன். "எலி உசிர எடுக்கத்தான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வழிவிட்டது. மாமா என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "சரே, பாரு அம்மாயி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டிரைவரிடம் என்ஜினை நிறுத்தச் சொன்னார்.

மாப்பிள்ளை கீழே இறங்கினார். நான் பந்தலில் கிடந்த ஓலைப்பாயை இழுத்துப் போட்டு அடியில் போனேன். சமையல்கட்டிலிருந்து வாங்கிய கத்தியால் சணலை அறுத்தேன். சாக்கு கழன்று வந்தது. மண்ணெண்ணெய் முழுவதையும் ஊற்றினேன். கறுப்பாக ஒழுகி என் தாவணியெல்லாம் நாசம். உள்ளே தெரிந்தது குண்டே இல்லை. ஒரு பக்கம் கடித்து வைத்த நெல்லிக்காய்.

"அண்ணே, ஸ்டீரிங்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்க."

திருப்பினார். ராடு நகர்ந்தது, சக்கரம் நகர்ந்தது. வெளியே யாரோ, "நல்லாத்தான இருக்கு" என்றார்கள்.  ஒருவேளை நான்தான் படித்த திமிரில் ஒரு கல்யாணத்தைக் கலைத்துவிட்டேனோ?

"இன்னொரு தடவ. வெடுக்குன்னு திருப்புங்க."

மூன்றாவது தடவை. டொக் என்று ஒரு சத்தம், மூன்று மாதமாகச் சேர்த்துவைத்தது மாதிரி. ராடின் முனை என் தோளுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தது.

நான் வெளியே தலையை நீட்டினேன். டிரைவர் ஸ்டீரிங்கைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அது ராட்டினம் மாதிரிச் சுற்றியது. முன்சக்கரம் இரண்டும் அசையாமல் நேராக நின்றன. அவர் இடது பக்கம் சுற்றினார், வலது பக்கம் சுற்றினார், பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மீசைக்கு மேல் வேர்த்திருந்தது.

 பந்தலில் இருந்த எல்லோரும் மகாராஜபுரத்துப் பாதையை அறிந்தவர்கள். 

"தேவுடா" என்றார் மாமா. அப்பாவின் கையைப் பிடித்தார்.   சற்றுமுன் நேரம் காலம் பற்றிக் கேட்ட அதே குரல், "குறுக்க வந்தது மனுசரில்ல, சாமிதான் வந்து மறிச்சிருக்கு" என்றது.

வில்வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து மாடு பூட்டுவதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. மூன்று மணி வரை எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒருவர்கூடக் குறைப்படவில்லை. மிச்சமிருந்த பாயசத்தை இரண்டாம் தடவை பரிமாறினார்கள். எனக்கும் அப்பாவுக்கும் முதல் பந்தி மாதிரி இலை போட்டார்கள். வாழைக்கன்றுகளை மோட்டாரிலிருந்து அவிழ்த்து வில்வண்டியில் கட்டினார்கள். கை கழுவுகிற இடத்தில் பொண்ணு என் பக்கத்தில் வந்து நின்று, காதோடு சொன்னாள்:

"அக்கா, நல்ல காரியம் பண்ணுனிய. எனக்கு அந்த பெட்ரோல் நாத்தம் கொடலப் பொரட்டும். வேண்டாம்னா யாரு கேட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழவும் செய்தேன். நல்லவேளை, முகமெல்லாம் மசகு.

சாயங்கால ரயிலில் ஊர் திரும்பினோம்.  இறங்கும்போது அப்பா, "சத்தம் போடுதவன அடக்குனா போதும்னு நெனச்சிட்டேன் பாரு" என்றார்.

மறுநாளே சென்னைக்கு எழுதினேன். வண்டி நம்பர்களைக் குறிப்பிட வேண்டும். அதைப் பார்க்க மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். எங்களுடையது சுலபமாகக் கிடைத்தது. மாமாவின் வண்டியில் நம்பர்ப் பட்டயத்தின்மேல் இரண்டு ஆயுதபூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அடையாக இருந்தது. மாமா, "சுரண்டினா தோஷமில்லையே" என்று ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் சுரண்டவிட்டார். இரண்டு நம்பரும் கடிதத்திலிருந்த வரிசைக்குள் அடுத்தடுத்து நின்றன.

மூன்றாவது வாரம் பார்சல் வந்தது. மரப்பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதம், அதற்குள் இரண்டு குண்டு, கண்ணாடி மாதிரி. பழையதைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று ஒரு சீட்டு. அப்பாவும் மீசைக்கார அண்ணனும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இரண்டு வண்டியிலும் மாட்டினார்கள். திரும்பி வந்தபோது வேப்பமரத்தடியிலிருந்து எங்கள் வீட்டு வாசல்வரை நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமுமில்லை. இந்தத் தடவை அந்த அமைதியை நம்பலாம். நன்றாகத் தூங்கினேன், எத்தனையோ நாளைக்குப் பிறகு.

பழைய குண்டுகளைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். அம்மா துணி துவைக்க வைத்திருந்த சோப்புக் கட்டி ஒன்றில் மாமா வண்டிக் குண்டை ஒரு ஓரத்தில் அழுத்தினேன். புதுக்குண்டை மாட்டுவதற்கு முன்பே மறு ஓரத்தில் அழுத்தி எடுத்திருந்தேன். ஒரு குழி முழு நிலா. இன்னொன்று கடிபட்டது. "துவைக்கிற சோப்புல என்ன சிற்பமா செதுக்குத?" என்று அம்மா சத்தம் போட்டாள். அந்தக் கட்டியைப் பரணில் ஒளித்து வைத்தேன்.

அது நல்லதாய்ப் போயிற்று. போன வாரம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றில் கையை வைத்தபடி நிறுத்தினார். மசகு வைத்தியம் எங்கள் இரண்டு வண்டியோடு நிற்கவில்லையாம். கோர்ட்டுக்கு வந்தவர்கள் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு ஹவில்தார் வைத்தியம் என்றே பேராகிவிட்டதாம். அவர்களில் யார் யார் அதைச் செய்துகொண்டார்கள் என்று விரலை மடக்கி எண்ணினார், இரண்டு பேர். வத்திராயிருப்புப் புதுப்பட்டியில் ஒரு வண்டி. உடனே போய்ப் பார்த்தோம். அது வேறு கம்பெனி வண்டி, குண்டு திடமாக இருந்தது. கழுவிவிட்டு வந்தோம்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. கான்சாபுரத்தில், போலீஸில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவருடையது. எங்கள் வண்டி ஜாதியேதான். அவரிடம் நேற்று ஆள் சொல்லி அனுப்பினோம். "சத்தம் இல்லாத வண்டிய எதுக்கு நோண்டணும்? ஹவில்தாருக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று பதில் வந்தது. அவருக்கு இங்கிலீஷ் கடிதம் காட்டிப் பிரயோசனமில்லை. தமிழில் நான் எழுதிய பிரதியையும் அவர் வாசிப்பார் என்று அப்பா நம்பவில்லை.

நாளைக் காலையில் அப்பாவும் நானும் கான்சாபுரம் போகிறோம். ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், ஒரு கத்தி, ஒரு பழைய பாய். சோப்புக் கட்டி வெயிலில் இளகிவிடாமல் ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். போனதும் பேச்சே கிடையாது. அவர் கட்டைவிரலைப் பிடித்து முதலில் முழுக் குழியில் வைக்கப் போகிறேன், அப்புறம் கடிபட்ட குழியில்.